நல்ல காலுக்கும் ஒண்ணு

கடைக்குள்ள நுழைஞ்ச உடனே "அண்ணன் இல்லீங்களா?"ன்னு கேக்கற ஆளைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். செங்கல்பட்டுல, திருக்கழுக்குன்றம் போற ரோட்டு மேல, பைக்குக்கு வேண்டிய மேல் சாமான் விக்கிற கடை என்னோடது. சீட் கவர், லெக் கார்டு, சைடு கண்ணாடி, ஹாரன், ஹெல்மெட். எங்கப்பா வெச்சது, அவருக்கு அப்புறம் நான்தான். கல்லாவுல நான் உக்காந்திருப்பேன். வர்றவன் என் தலைக்கு மேல எட்டிப் பாத்து உள்ள ஒரு அண்ணனைத் தேடுவான். "என்ன வேணும், எங்கிட்ட சொல்லுங்க"ன்னா, "இல்லம்மா, அண்ணன் வரட்டும்"பான். இல்லாத அண்ணனுக்காகக் கடை வாசல்ல டீ குடிச்சுட்டுக் காத்திருந்தவனெல்லாம் உண்டு.

மீன் விக்கற அந்த அக்கா அப்படிக் கேக்கல. முத நாளே எனக்கு அவங்களைப் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. பைக்குதான், ஆனா பின்னாடி ஒத்தைச் சக்கரத்தை எடுத்துட்டு ரெண்டு சக்கரம் போட்டு, அது மேல தகரத் தட்டு வெச்சு, தட்டுல மீன் வெக்கற ஐஸ் பெட்டி. ஓட்டிட்டு வந்தவங்க இறங்கல. ஹாரனை அழுத்திப் பிடிச்சாங்க. நான் எட்டிப் பாத்தேன்.

"கடை யாருது?"

"என்னுதுதான்."

"அப்ப நீயே வா வெளிய. நான் எறங்கி ஏறணும்னா அரை நாளு பூடும்."

பேர் சொல்ல மாட்டேன். சொன்னா ஊர் எதுன்னு தெரிஞ்சிடும், அப்புறம் அந்த ஊர் ஆளுங்க எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க. மாமல்லபுரத்துக்குத் தெக்கால கடலோரமா வரிசையா இருக்கற குப்பத்துல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. விடிகாலையில ஏலத்துல மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கல்பாக்கத்துல குடியிருக்கற ஆபீஸ்காரங்க வீட்டுக்குக் கொஞ்சம், திருக்கழுக்குன்றத்துல கொஞ்சம், மீதி செங்கல்பட்டுலன்னு வித்துட்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்புவாங்க. தனி ஆள். புருஷன் இருந்தாரா, விட்டுட்டுப் போனாரான்னு நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. அக்கா பொண்ணு ஒருத்தி செய்யூர் பக்கம் கட்டிக் குடுத்திருக்கான்னு மட்டும் பேச்சுல வரும்.

இடது கால் சின்ன வயசுல ஜுரத்துல போனது. அப்புறம் ஆபரேஷன் பண்ணி முட்டியை நேரா நிறுத்திட்டாங்க. நிக்கலாம், சாஞ்சு சாஞ்சு நடக்கலாம், ஆனா மடங்காது. வண்டி ஏதோ ஒரு சங்கம் குடுத்தது. மேடை போட்டு, அட்டையில சாவி மாதிரி பெருசா செஞ்சு கையில குடுத்து, மாலை போட்டு போட்டோ எடுத்தாங்களாம். கியரு, பிரேக்கு எல்லாத்தையும் கைக்கே கொண்டு வந்துட்டாங்க. ரிவர்ஸ் கியர்கூட இருந்துச்சு. உக்காந்தா கால் எங்க போகும்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. பைக்ல இருக்கற கம்பியில கால் வெக்கணும்னா முட்டி மடங்கணும். இவங்களுக்கு மடங்காதுன்னு மேடையில நடந்து வந்தப்பவே எல்லாரும் பாத்திருக்காங்க. பாத்துட்டுக் கை தட்டியிருக்காங்க. இதை நினைச்சா எனக்கு இப்பவும் எரியும்.

அதனால அவங்க அந்தக் காலை முன்னாடி நீட்டி, லெக் கார்டு கம்பியோட சேத்துப் பழைய சேலைத் துணியால கட்டி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு பள்ளத்துலயும் கட்டு நழுவும். நழுவினா குதிகால் ரோட்டுல இழுபடும். அதுக்கு முத வாரம் ஒரு பஸ் பக்கத்துல உரசிட்டுப் போயிருக்கு. செருப்பு மட்டும் போச்சு. அன்னைக்குதான் காலை வெக்க ஒரு கம்பி வாங்கிடறதுன்னு முடிவு பண்ணாங்களாம்.

நான் ஒரு சாமானை எடுத்துக் காட்டினேன். ஊனமுற்றவங்க வண்டிக்குன்னே வர்றது. சின்னத் தட்டு, சுத்தி ரப்பர், காலைக் கட்டிக்க பெல்ட்டு. நல்ல சாமான்தான்.

"இன்னா இது?"

"காலை இதுல வெச்சு பெல்ட்டு போட்டுக்கலாம்க்கா. நழுவாது."

"மாட்டையா கட்டப் போற? ஆஸ்பத்திரி சாமானெல்லாம் எனுக்கு வாணாம். சனி ஞாயிறானா மெட்ராஸ்லேர்ந்து ஈசிஆர்ல வர்றானுங்களே, பெரிய பெரிய வண்டியில, நாற்காலியில சாஞ்சுகினு குந்துன மாதிரி காலை முன்னாடி நீட்டிக்கினு. அவுனுங்க காலு எதும் மேல கீது? அது குடு."

"அது ஹைவே பெக்குன்னு சொல்வாங்கக்கா. ரொம்ப தூரம் போறவங்க போடறது."

"நான் இன்னா தெரு முனைக்கா போறேன்? ரெண்டு குடு."

"ரெண்டு எதுக்கு? இடது பக்கம் ஒண்ணு போதுமே. நல்ல காலுக்குத்தான் வண்டியோட வந்த கம்பி இருக்கே."

அவங்க என்னைப் பாத்த பார்வை நல்லா ஞாபகம் இருக்கு. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டல.

"ஒரு காலு நீட்டி ஒரு காலு மடக்கிக்கினு போனா, 'நொண்டி போறா'ன்னுவான். ரெண்டும் நீட்டிக்கினு போனா, 'மவராணி போறா'ன்னுவான். நல்ல காலுக்கும் ஒண்ணு குடு."

பிரேக்குதான் கையில இருக்கே, வலது காலுக்கு வேலையே இல்ல. வேலை இல்லாத காலு எங்க இருந்தா இன்னான்னு அவங்களே கேட்டாங்க. உள்ள போய் இருக்கற எல்லா மாடலையும் எடுத்துட்டு வந்தேன்.

அன்னைக்கு ஒண்ணும் முடிவாகல. அதுக்கப்புறம் மீன் வித்துட்டுத் திரும்பறப்பல்லாம் வந்து நின்னாங்க. நான் குரோம் போட்டு மின்னறதைக் காட்டினேன். மடிக்கற மாதிரி வரும், வேணாங்கிறப்ப மேல தூக்கி விட்டுக்கலாம். பசங்க எல்லாம் அதைத்தான் வாங்குவாங்க. இதையே எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். அப்பதான் அவங்க வழக்கம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

அவங்க தட்டுல எப்பவும் ஒரு ரீப்பர் கட்டை கிடக்கும். கூரை ஓட்டுக்குக் கீழ அடிக்கிற பட்டையான சட்டம் இருக்கே, அதுல ஒரு துண்டு. சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க வெச்சிருக்காங்கன்னு நினைச்சிருந்தேன். அதை எடுத்து எங்கிட்ட நீட்டினாங்க.

"கட்டு."

"எதுக்குக்கா?"

"உன் காலுல கட்டு. தொடையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும். கட்டிக்கினு என் வண்டியில குந்தி, இந்தக் கம்பியில வெச்சிப் பாரு. அப்பால சொல்லு, நல்லா கீதா இல்லியான்னு."

யாரு அவங்க காலைப் பத்திப் பேசினாலும் அதுதான். "நீ வெச்சிப் பாரு." சும்மா சொல்ற சொல் இல்ல, கட்டையை எடுத்துக் கையில குடுத்துருவாங்க. ஊனமுற்றவங்க முகாம்ல காலுக்கு அளவெடுக்க வந்த டாக்டர் தம்பிகூடத் தப்பலயாம். வண்டியை நிறுத்தி, "இப்பிடியெல்லாம் போகக் கூடாதும்மா"ன்னு சொன்ன டிராபிக் போலீஸ்காரரு கட்டையைப் பாத்துட்டு, "போம்மா, போம்மா"ன்னு அனுப்பிட்டாராம்.

கம்பியை அவங்க வண்டியில மாட்டிட்டு நான் கட்டினேன். நடு ரோட்டுல, சுடிதாருக்கு மேல கட்டையை வெச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு, அவங்க வண்டியில உக்காந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிட்டு வந்தேன். எதிர் கடைக்காரங்க எல்லாம் வெளிய வந்து நின்னுட்டாங்க. ஒரு பள்ளம் வந்துச்சு. அந்த மின்னற கம்பி படக்குன்னு மேல மடிஞ்சுச்சு, என் கால் கீழ விழுந்துச்சு. விழுந்த காலை முட்டி மடக்காம நீங்க மேல தூக்கிப் பாருங்க. தொடை கிழிஞ்சிடும். திரும்பி வந்து அந்தக் கம்பியைக் கழட்டித் தூரப் போட்டேன். எனக்கே கோபம் தாங்கல. இதைப் போய் நல்ல சாமான்னு சொன்னேனே.

கடைசியா எடுத்தது மடியாத கம்பி, நல்ல கனம், மேல கெட்டி ரப்பர், குதிகால் பின்னால போகாம இருக்க ஓரத்துல ஒரு தடுப்பு. எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னாடின்னு பாக்கறதுக்கே நாலஞ்சு தடவை கிளாம்ப்பைக் கழட்டி மாட்ட வேண்டியிருந்துச்சு. இடது பக்கம் சரியான உடனே வலது பக்கமும் அதே உயரத்துல, அதே தூரத்துல மாட்டச் சொன்னாங்க. நான் ஸ்பேனரைக் கீழ வெச்சதும் ரெண்டு காலையும் தூக்கி வெச்சு, முதுகைச் சாச்சு, கையை நீட்டி ஹேண்டில் பாரைப் பிடிச்சு உக்காந்தாங்க. சேலைக் கொசுவத்தை ரெண்டு முட்டிக்கு நடுவுல சொருகிக்கிட்டாங்க. சிரிக்கல. அவங்களுக்குச் சிரிப்பு லேசுல வராது. ஹாரனை ஒரு தடவை அழுத்தினாங்க, அவ்வளவுதான்.

"அந்த ரிவர்ஸ் கியரையும் ஒரு தடவை பாத்துடட்டுமாக்கா? துரு பிடிச்சிடப் போகுது."

"அது கெடக்குது. பின்னால போறதுக்கா வண்டி வெச்சிக்கினு கீறேன்?"

போயிட்டாங்க. அந்த ரோட்டுல ரெண்டு காலையும் முன்னால நீட்டி உக்காந்து வண்டி ஓட்டிட்டுப் போன பொம்பளையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல ஒரு டீக்கடை வாசல்ல அவங்க வண்டியில உக்காந்திருக்கறதைப் பாத்தேன். நான் மாமல்லபுரத்துல ஒரு கடைக்குச் சரக்கு குடுக்கப் போயிருந்தேன். மெட்ராஸ் பையன் ஒருத்தன், பெரிய வண்டி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், செல்போனை அவங்க மூஞ்சிக்கு நேரா பிடிச்சுட்டு நிக்கிறான்.

"ஆன்ட்டி, நீங்க எவ்ளோ பேருக்கு நம்பிக்கை குடுக்கறீங்க தெரியுமா? உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னை மாதிரின்னா?"

"இல்ல ஆன்ட்டி, இந்த... இவ்ளோ கஷ்டத்துலயும்..."

"உன் வண்டியில கம்பி கீதே, அது இன்னாத்துக்குப் போட்ட?"

"கால் நீட்டறதுக்கு. சுகமா இருக்கும்."

"எனுக்கும் அத்துக்குத்தான்டா. உனுக்கு சொகம், எனுக்கு மட்டும் கஷ்டமா?"

அவன் செல்போனை இறக்கல. இன்னும் கிட்ட வந்து, சரியா அந்த இடது காலுக்குக் கொண்டு போனான். அவங்க திரும்பி ஐஸ் பெட்டியோட அடி மூடியைத் திறந்து விட்டாங்க. காலையிலேர்ந்து தேங்கின மீன் தண்ணி முழுசும் அவன் பூட்ஸுக்குள்ள போச்சு. மெட்ராஸ் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த நாத்தம் அவனை விட்டிருக்காது. நான் டீயை வெச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. அவங்களுக்கு நெஜமாவே கோபம். அதைப் பாத்து நானும் சிரிப்பை நிறுத்திட்டேன்.

இப்ப ஊர் விஷயத்துக்கு வர்றேன். அந்தக் குப்பத்துல ஒரு தெருதான் முக்கியமான தெரு. ஈசிஆர்லேர்ந்து பிரிஞ்சு உள்ள நேரா போய் அம்மன் கோயில்ல முட்டும். அம்மன் தெருவைப் பாத்து நிக்கும், பின்னாடி கடல். அவங்க வீடு கோயிலை ஒட்டின சந்துல. ரோட்டு முனையில, தெரு ஆரம்பிக்கற இடத்துல, வலை பின்னற கொட்டாய். மத்தியானமானா ஆம்பளைங்க அங்க பெஞ்சுல உக்காந்து வலையைப் பாத்துட்டு, பேசிட்டு இருப்பாங்க. அங்கேர்ந்து பாத்தா நேரா அம்மன் தெரியும். அதுக்காகவே பெஞ்சைக் கோயிலைப் பாத்து போட்டிருந்தாங்க.

அந்த வருஷம் மீன்பாடு சரியில்ல. வலை போட்டா ஒண்ணும் விழல. ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டு இருந்திருக்காங்க. யாரோ ஒருத்தன் இதைச் சொல்லியிருக்கான். ஒரு பொம்பள தினமும் மத்தியானம் அம்மனுக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு தெரு நீளத்துக்கும் வர்றா, அப்புறம் எங்க மீன் விழும்னு. பெரியவங்க முன்னாடி காலை நீட்டக் கூடாது, சாமிக்கு நேரா நீட்டவே கூடாதுன்னு எங்க வீட்டுலயும் சொல்லித்தான் வளத்தாங்க. நான் இல்லைங்கல. ஆனா மீன் விழாததுக்கு ஒரு காலைக் காரணமா காட்டறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்?

அந்தக் குப்பத்துலேர்ந்து ரெண்டு பேர் என் கடைக்கு வந்தாங்க.

"கடையில ஆம்பள யாரும் இல்லியாமா?"

"நான்தான் கடை. என்ன வேணும்?"

"இல்ல, அந்த மூணு சக்கர வண்டிக்குக் கம்பி போட்டுக் குடுத்தது..."

"நான்தான் போட்டேன்."

"அத்தக் கழட்டிடுமா. ஊர்ல பேஜாரா கீது."

"வண்டி யாருது? அவங்க வந்து சொல்லட்டும், கழட்டறேன். நீங்க ஹெல்மெட் வாங்கறதா இருந்தா வாங்குங்க, இல்லன்னா வழிய விட்டு நில்லுங்க, யாவாரம் நடக்கணும்."

அதுக்கப்புறம் ஊர்ப் பஞ்சாயத்து கூப்பிட்டாங்க. அவங்க எனக்கு போன் பண்ணாங்க. "சாட்சி சொல்ல வர வாணாம். சொம்மா வந்து நில்லு. பொம்பளன்னு நான் ஒருத்திதான் நிப்பேன், நீயும் இருந்தா தெம்பா இருக்கும்." அவங்க வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கடையைப் பூட்டிட்டுப் போனேன்.

கோயில் முன்னாடி மணல்ல ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ஓரமா நின்னோம். ஊர்த் தலைவர் நல்ல உடம்பு, சாந்தமா பேசுவார். கத்தற ஆளா இருந்தா திருப்பிக் கத்தலாம். சாந்தமா பேசறவனை என்ன பண்றது?

"தப்பா நெனச்சிக்காதம்மா. நீ யாரு, எங்க வூட்டுப் பொண்ணு. ஆனா அம்மனுக்கு நேரா காலைக் காட்டிக்கினு வர்றது நல்லாவா கீது?"

அவங்க ரீப்பர் கட்டையைத் தூக்கி நடு மணல்ல போட்டாங்க.

"யாராச்சும் ஒருத்தரு இத்தக் கட்டிக்கினு, என் வண்டியில குந்தி, அம்மனுக்குக் காலைக் காட்டாம ஓட்டிக் காட்டுங்க. காட்டிட்டா இன்னைக்கே வண்டிய வித்துட்றேன்."

ஒருத்தரும் எழுந்திருக்கல. பின்னாடி எவனோ சிரிச்சான். தலைவர்தான் சொன்னார்.

"நீ சொல்றதும் நாயம்தான். முடியாத காலு, அம்மன் பொறுத்துக்கும். அந்த இடது காலை நீ நீட்டிக்கோ, ஊரு ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த நல்ல காலு? அது மடங்கும் இல்ல? ரோட்டுல எப்பிடினா போ. தெருவுக்குள்ள வர்றப்ப மட்டும் நல்ல காலை மடக்கிக்கோ. அத்தையும் நீட்டினா அது திமிருதானேம்மா?"

சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. பாத்தியா, எவ்வளவு நியாயமா பேசறார்ங்கற மாதிரி. தெரு நீளத்துக்கு ஒரு காலை மடக்கிக்கறது பெரிய வேலை இல்லன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா விஷயம் அது இல்லையே. ஒரு காலுக்குப் பாவம் பாப்பாங்களாம், அந்தப் பாவத்துக்குக் கூலியா இன்னொரு காலை மடக்கணுமாம். சொந்தத் தெருவுல, தன்னைச் சின்ன வயசுலேர்ந்து நொண்டின்னு கூப்பிட்டவனுங்க முன்னாடி, தினமும் நொண்டியா வந்து இறங்கணுமாம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க சொல்லிட்டாங்க.

"ஆமா. திமிருதான்."

தலைவர் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்தார். அம்மனுக்கு நேரா நல்ல காலை நீட்டிக்கிட்டு வண்டி தெருவுக்குள்ள வரக் கூடாது, நீட்டினா ரோட்டு முனையிலேயே நிக்கட்டும்னு சொல்லிட்டாங்க. தள்ளணும்னா பசங்க தள்ளி விடுவாங்களாம். அதுலயும் ஒரு தர்மம்.

மடக்குவாங்கன்னு ஊரு நினைச்சுச்சு. மடக்கல. தினமும் மத்தியானம் வண்டியை ரோட்டு முனையில விட்டுட்டு, மிச்ச மீன் கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு, அந்த மணல் தெருவுல சாஞ்சு சாஞ்சு நடந்து வீட்டுக்குப் போனாங்க. கொட்டாயில உக்காந்திருந்தவங்க அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. வெயில்ல கிடந்து சீட்டு வெடிச்சுச்சு. ஒரு நாள் எவனோ இண்டிகேட்டரை உடைச்சு வெச்சான். அதை மாத்த எங்கிட்ட வந்தப்ப அவங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இப்படியே போனா ஒண்ணு வண்டி போயிடும், இல்ல அந்த இடுப்பு போயிடும். வண்டி போனா மீன் யாவாரம் போச்சு, யாவாரம் போனா அவங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. எனக்கு அது அவ்வளவு தெளிவா தெரிஞ்சுச்சு. நான் கத்தினேன். போலீசுக்குப் போலாம்க்கா, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்க்கான்னு என்னென்னமோ சொன்னேன். அவங்க புது இண்டிகேட்டருக்குக் காசை எண்ணி வெச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. ஒருத்தனையும் திட்டாம கிளம்பற ஆள் இல்ல அவங்க. அது எனக்குப் பயமா இருந்துச்சு.

அடுத்த வாரம் வந்து ஹாரன் அடிச்சாங்க. வெளிய போனேன்.

"ரிவர்ஸ் ஹாரன் கீதா?"

"ரிவர்ஸ் ஹாரனா? லாரிக்கு, காருக்குப் போடறதுக்கா அது. பின்னாடி எடுக்கறப்ப மட்டும் கத்தும்."

"தெரியும். சத்தம் பெருசா கீறதா பாத்து ஒண்ணு போடு. அந்த ரிவர்ஸ் கியரையும் பாத்துடு."

எனக்குப் புரியல. புரியாமலேதான் மாட்டினேன். கடையில இருந்ததிலேயே பெரிய சத்தம், குருவி கூட்டமா கத்தற மாதிரி வரும், தெரு முனை வரைக்கும் கேக்கும். வேலை முடிஞ்சதும், "ஏறு, தட்டுல குந்து, ஒரு வேடிக்கை கீது"ன்னாங்க. கடையைப் பூட்டிட்டு ஏறினேன்.

ரோட்டு முனைக்கு வந்தோம். மத்தியானம், கொட்டாயில கூட்டம். பெஞ்சு நடுவுல தலைவர். வழக்கம்போல வண்டியை நிறுத்திட்டு இறங்குவாங்கன்னு பாத்துட்டு இருந்தாங்க. அவங்க இறங்கல. வண்டியை அரை வட்டமா திருப்பி, பின்பக்கம் தெருவுக்கு, முன்பக்கம் கொட்டாய்க்குன்னு நிறுத்தினாங்க. ரெண்டு காலும் கம்பி மேல. ரெண்டு பாதமும் பெஞ்சுக்கு நேரா. ரிவர்ஸ் கியரைப் போட்டாங்க.

ஹாரன் கத்த ஆரம்பிச்சுச்சு. வீட்டுக்குள்ள இருந்த பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க. அவங்க மெதுவா, நடக்கற வேகத்துல, பின்னாலயே போனாங்க. பாதை எங்க இருக்குன்னு கண்ணாடியில பாத்தாங்க, மத்த நேரமெல்லாம் தலைவர் மூஞ்சியைத்தான் பாத்தாங்க. ஒருத்தன் எழுந்து ஓடி வந்தான்.

"இன்னா இது? அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கினு போற?"

"நீ பஸ் ஏறப் போறப்ப எத்தக் காட்டிக்கினு போற? காலைத்தானே காட்டக் கூடாதுன்னாங்க. அம்மனுக்கு நான் காட்டல."

யாருக்குக் காட்டினாங்கன்னு அவங்க சொல்லல. சொல்லணும்னு அவசியமும் இல்ல. தெரு முழுசுக்கும் தெரிஞ்சுச்சு. ஒரு வீட்டு வாசல்ல பாத்திரம் கழுவிட்டிருந்த பொம்பள முந்தானையை வாயில அழுத்திட்டுச் சிரிச்சா. கோயில் வரைக்கும் பின்னாலயே போய், சந்துல திரும்பி, வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினாங்க. சாவியை எடுத்ததும் ஹாரன் நின்னுச்சு. அன்னைக்குத்தான் அவங்க சிரிச்சு நான் பாத்தேன். அதையும் உடனே துடைச்சுக்கிட்டாங்க.

மறு நாளும் அப்படியே வந்தாங்க. அதுக்கு மறு நாளும். பஞ்சாயத்துல சொன்ன பேச்சுப்படி ஒரு குத்தமும் சொல்ல முடியல. எங்களுக்கு நேரா காலைக் காட்டறான்னு புகார் சொல்லணும்னா அந்த ஆம்பளைங்க அம்மன் பேரை விட்டுட்டு தங்க பேரைச் சொல்லணும். அதுக்கு ஒருத்தனுக்கும் வாய் வரல. மழைக்கு அப்புறம் மீன்பாடு தானாத் தேறினப்பவும், அந்தக் காலுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தனும் வரல.

அப்புறம் ரோட்டை அகலம் பண்றதுக்காக என் கடையை இடிச்சாங்க. நான் அச்சரப்பாக்கத்துக்கு மாறிட்டேன். இங்கயும் அண்ணனைத் தேடறாங்க, அது வேற கதை. அவங்க போன் நம்பர் மாறிப் போச்சு, தொடர்பு விட்டுப் போச்சு. போன மாசம் மாமல்லபுரத்துல ஒரு கல்யாணம். திரும்பறப்ப மனசு கேக்காம அந்தக் குப்பத்து முனையில வண்டியை நிறுத்தினேன். கேட்டதுக்கு, அக்கா பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம், துணைக்கு ஆள் வேணும்னு செய்யூருக்கே போயிட்டாங்கன்னு சொன்னாங்க. போய் வருஷக் கணக்காச்சாம். வண்டியிலதான் போனாங்களாம்.

கொட்டாய் அப்படியே இருந்துச்சு. தலைவர் கொஞ்சம் இளைச்சிருந்தார். எல்லாரும் அதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. பெஞ்சை மட்டும் ரோட்டைப் பாத்து திருப்பிப் போட்டிருந்தாங்க. அவங்க இருந்தப்ப, அந்தப் பாதம் கண்ணுல படக் கூடாதுன்னு திருப்பிப் போட்டதாம். ஆள் போன அப்புறமும் திருப்பி வைக்கணும்னு யாருக்கும் தோணல. மத்தியான வெயில்ல ஊர்ப் பெரிய மனுஷங்க அத்தனை பேரும் அம்மனுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தாங்க.